அது சட்டிதான், சஷ்டி இல்லை

பழமொழிகளுக்கு ‘உண்மைப் பொருள்’ சொல்லிவரும் பேச்சாளர்களுக்கு வணக்கம்.

போன பொங்கலுக்குக் கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தோம். ஏதோ பேச்சில் என் அம்மா, “சட்டியில இருந்தாத்தான ஆப்பையில வரும்” என்றாள். கைப்பேசியும் கையுமாக இருந்த என் மகள் நிமிர்ந்தாள். “அது சட்டி இல்ல ஆச்சி, சஷ்டி. சஷ்டியில விரதம் இருந்தா அகப்பையில, அதாவது கருப்பையில, பிள்ளை வரும்.” உங்களில் ஒருவர் பேசியதைக் கேட்டிருக்கிறாள். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ குழம்ப எதுல ஊத்துறது?” என்றாள்.

சிரித்துவிட்டோம். ஆனால் எனக்கு ஆறவில்லை. நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மணியார்டர் அனுப்ப முடியாத மாதங்களில், “மவன் ஒண்ணும் அனுப்பலையா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா சொன்ன பதில் இந்தப் பழமொழிதான். பிள்ளையை விட்டுக்கொடுக்காமல், வீட்டு வறுமையையும் விரித்துச் சொல்லாமல், ஒரே வரியில் கேட்டவர் வாயை அடைத்துவிடுவாள். அதில் விரதம் எங்கே இருக்கிறது? அகப்பையை ‘அகம், பை’ என்று பிரிக்க உங்களுக்கு ஏடு வேண்டும். எங்கள் ஊரில் அது ஆப்பை; சிரட்டையில் காம்பு செருகிய ஆப்பை. அதை எப்படிப் பிரிப்பீர்கள்?

கழுதையையும் நீங்கள் விடவில்லை. ‘கழு’ என்பது ஒருவகைக் கோரை, அதில் பாய் தைத்தால் கற்பூர வாசனை வருமாம். சரி, ‘கழுதை அறியுமா கந்தப்பொடி வாசனை’ என்றும் சொல்கிறார்களே, அதற்கு என்ன செய்வது? தெலுங்குக்காரர்கள் கழுதைக்குச் சந்தன வாசனை தெரியாது என்கிறார்கள், கன்னடத்தில் கஸ்தூரி. அங்கெல்லாம் யார் பாய் தைத்தார்கள்?

பழமொழிகளில் சாதித்திமிரும் பெண்ணை இழிவாகப் பேசுவதும் உண்டு. அவற்றைக் கண்டிக்கலாம், கண்டிக்கவும் வேண்டும். ஆனால் எழுத்தை மாற்றிப் புனிதமாக்குவது வேறு வேலை. ஆயிரம் பேரைக் கொன்றவனை ஆயிரம் வேரைக் கொன்றவனாக்கியதில், அரைகுறை வைத்தியனைப் பார்த்து ஊர் அடித்த கிண்டல் போயே போய்விட்டது.

ஹெர்மன் ஜென்சன் என்ற பாதிரியார் 1897இல் வெளியிட்ட தொகுப்பிலேயே 3,600க்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் உண்டு. எங்கள் கரிசல் பேச்சுக்குக் கி. ராஜநாராயணன் 1982இல் அகராதியே கொண்டுவந்தார். சொல் இருக்கிறது. யார், யாரிடம், எந்தச் சண்டையில், எந்தச் சாவு வீட்டில் சொன்னார்கள் என்பதுதான் பெரும்பாலும் பதிவாகவில்லை. உங்களுக்குக் கூட்டம் வருகிறது, மைக்கும் இருக்கிறது. அடுத்த ஊரில் பேசி முடித்ததும், முன்வரிசையில் இருக்கும் ஒரு கிழவியிடம் அதைக் கொடுத்து, “இத நீங்க எப்ப சொல்வீங்க?” என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

இப்படிக்கு,
ஆப்பையில் வாங்கிச் சாப்பிட்ட ஒருவன்