தம்பிக்கு: கார்டு இப்போதைக்கு என்னிடமே இருக்கட்டும்

அன்புள்ள தம்பி,

போன வாரம் கேட்டாயே, அதற்குப் பதில்: உன் ஏடிஎம் கார்டை இப்போது தரமாட்டேன். நீ இப்போது காசு வைத்து ஆன்லைன் ரம்மி ஆடுவதில்லை என்று எனக்குத் தெரியும். "அதான் 2025 ஆகஸ்ட்ல சட்டமே போட்டு மூடிட்டாங்களேக்கா" என்கிறாய். சரி. டெலிகிராமில் வெளிநாட்டுத் தளங்களின் லிங்க் இன்னும் வருகிறதே? நீதானே எனக்குக் காட்டினாய்?

எவ்வளவு போனது என்று இங்கே எழுதமாட்டேன். ஊர்க்காரர்களும் படிப்பார்கள்.

பணத்தைவிட எனக்கு ஆறாதது அப்பா திதிதான். காக்காவுக்குச் சோறு வைக்க உன்னை மாடிக்கு அனுப்பிவிட்டுக் கீழே எல்லாரும் சாப்பிடாமல் காத்திருந்தோம். நேரமாகிறதே என்று ஏறி வந்தேன். கைப்பிடிச் சுவரில் இலை, அதில் சோறும் வடையும். இரண்டடி தள்ளி நீ, போனில் பதின்மூன்று சீட்டு. காக்கா வந்து உட்கார்ந்து கத்தியது. நீ தலையைக்கூடத் திருப்பாமல் "ச்சூ" என்று கையை வீசினாய். பறந்துவிட்டது. "இப்ப டிராப் பண்ணா நாப்பது பாயின்ட் போயிடும்க்கா, ஒரே நிமிஷம்" என்றாய். கீழிருந்து அம்மா, "எடுத்துச்சா?" என்றாள். "எடுத்துச்சும்மா" என்றேன். அப்பா காரியத்தில் என்னைப் பொய் சொல்ல வைத்தாயேடா.

2023 நவம்பரில் ரம்மி திறமை விளையாட்டு, அதற்குத் தமிழக அரசு போட்ட தடை பொருந்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது, பேப்பரை விரித்து "பார்த்தியா, கோர்ட்டே சொல்லிருச்சு" என்றாய். உனக்குத் திறமை இல்லை என்று யார் சொன்னது? கணக்கில் நூறு வாங்கியவன் நீ. விட்டதைப் பிடிக்க உட்கார்ந்த பிறகு அந்தக் கணக்கெல்லாம் எங்கே போயிற்று?

உன் மாமனாரிடம் சொன்னது நான்தான். அவர் முன்னால் நீ தலைகுனிந்து நின்றதை நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை, மன்னித்துக்கொள். ஆனால் லோன் ஆப்காரன் அவர் நம்பருக்கே உன் போட்டோவை அனுப்பிவிட்டான். அதற்கு மேல் எதை மறைப்பது? மறுபடி அப்படி நடந்தாலும் சொல்லத்தான் செய்வேன்.

அன்று இரவு நீயாகவே 14416-க்கு போன் செய்தாய். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். "என்னால நிறுத்த முடியல சார்" என்றாய். உன்மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த நிமிஷம்தான். (படிப்பவர்கள் வீட்டிலும் யாராவது இருக்கலாம்: அது அரசின் டெலிமானஸ் எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.)

அம்மா மருந்தும் பாப்பா ஸ்கூல் பீஸும் நான் கட்டிவிட்டு உன் சம்பளக் கணக்கை அப்படியே அனுப்புகிறேன். கைச்செலவுக்கு வாரா வாரம் நோட்டாகத் தருகிறேன். கடைசித் தவணை முடியட்டும். அப்புறம் நீ கேட்கவே வேண்டாம், நானே கார்டைக் கொண்டுவந்து தருகிறேன்.

அக்கா