தம்பிக்குப் பாரிஸிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். குளிர் விட்டுவிட்டது, கனத்த கோட்டு இல்லாமலே வேலைக்குப் போய் வருகிறேன் என்று அம்மாவிடம் சொல். அறை சின்னதுதான், ஆனால் வெயில் வருகிறது. சமையல் பழகிவிட்டது. மற்றதெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். இந்தக் கடிதம் நீ வரையும் கேலிச்சித்திரங்களுக்காக.

மாதத்தின் முதல் ஞாயிறு ஓர்சே அருங்காட்சியகத்தில் நுழைவு இலவசம். ரயில் நிலையமாக இருந்த கட்டடம் அது. அங்கே மானே வரைந்த ‘ஒலிம்பியா’வின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். ஆடையில்லாமல் படுக்கையில் சாய்ந்திருக்கும் பெண் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறாள். கழுத்தில் கறுப்பு நாடா, ஒரு காலில் மட்டும் செருப்பு. பின்னால் கறுப்பினப் பணிப்பெண் பூச்செண்டை நீட்டுகிறாள். கால்மாட்டில் ஒரு கறுப்புப் பூனை வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

1865-இல் சலோன் என்ற அரசுக் கண்காட்சியில் இதை வைத்தபோது கூட்டம் சிரித்தது, திட்டியது. கடைசியில் ஒரு வாசலுக்கு மேலே, கண்ணுக்கு எட்டாத உயரத்தில் மாட்டிவிட்டார்கள். பத்திரிகைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். அப்போதெல்லாம் சலோன் திறந்தாலே, அங்கே தொங்கும் ஓவியங்களைக் கேலியாகத் திருப்பி வரைந்து பக்கம் பக்கமாகப் போடுவார்கள். பெர்த்தால் என்பவர் அந்தப் பூனையை ஊதிப் பெருக்கி, ‘பூனையின் வால், அல்லது பத்திஞோலின் கரிக்காரி’ என்று பெயர் வைத்தார். பத்திஞோல் மானே புழங்கிய பேட்டை. சரி, கரி எங்கிருந்து வந்தது? மற்ற ஓவியர்கள் உடம்பை வழவழவென்று நிழல் கொடுத்து வரைய, மானே தட்டையாக வெள்ளையைப் பூசி ஓரத்தைக் கரிக்கோடு போல அழுத்தமாக விட்டிருந்தார். பெர்த்தாலின் கண் அதைச் சரியாகப் பிடித்துவிட்டது. அந்த ஓவியத்தில் எது புதுசு என்று எனக்குப் புரியவைத்தது இந்தக் கேலிதான், தம்பி.

ஆனால் பணிப்பெண்ணின் முகத்தைக் கோரமாக்கியதை என்னால் பொறுக்க முடியவில்லை. மானேவுக்கு நின்ற அந்தப் பெண்ணின் பெயர் லோர். அவர் அவளைக் கண்ணியமாகத்தான் வரைந்திருக்கிறார். அங்கே கேலி செய்ய ஓவியத்தில் ஒன்றுமே இல்லை; கேலி வரைந்தவர் மனதில் இருந்த இழிவுதான் காகிதத்தில் இறங்கியிருக்கிறது.

கேலிச்சித்திரக்காரர்களில் எனக்குப் பிடித்தவர் தோமியே. 1864-இல் ‘லெ ஷாரிவாரி’ நாளிதழில் அவர் வரைந்ததைப் பார்: சலோனைச் சுற்றிவரும் ஒரு சாதாரணப் பெண், ஆடையில்லாத காதல் தேவதை வீனஸின் படங்களைப் பார்த்து, “இந்த வருஷமும் வீனஸ், எப்போதும் வீனஸ்! இப்படியும் பெண்கள் இருக்கிறார்களா என்ன!” என்று எரிச்சல்படுகிறாள். சேன் நதிக்கரைப் பழைய புத்தகப் பெட்டிகளில் அந்த இதழின் பக்கங்களைப் புரட்டினேன். மெல்லிய காகிதம், பின்பக்கத்து எழுத்து படத்துக்குள் நிழலாகத் தெரிகிறது. சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள கிரேயானால் வரைந்து, ஈரப்படுத்தி மை உருட்டுவார்கள். பசை உள்ள இடத்தில் மட்டும் மை ஒட்டும். அதனால் அவர் கை அழுத்தியதும் தளர்ந்ததும் அப்படியே அச்சில் வந்திருக்கிறது.

அப்புறம், நீ ரவிவர்மா படம் ஒன்றைக் கேலியாக வரையப் போவதாகச் சொன்னாயே, பெண்ணின் முகத்தை விட்டுவிடு. அந்தப் பட்டுப்புடவை மடிப்பையும் நகைகளையும் பிடி, அதில்தான் விஷயம் இருக்கிறது. முடித்ததும் போட்டோ எடுக்காமல் தபாலில் அனுப்பு, நீ இழுத்த கோடுகளைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா