நூருவுக்கு, மைச்சிமிழோடு

மண்டபம்,
வைகாசி.

அன்புள்ள நூரு,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். பேத்தி பிறந்த சேதியைப் படித்ததும் அடுப்பில் கொதித்த குழம்பை அப்படியே விட்டுவிட்டு எதிர்வீட்டு மதினியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். தாயும் பிள்ளையும் சுகம் என்ற அந்த ஒரு வரியை மூன்று தடவை படித்தேன். சென்னை மண்ணடி வீட்டில் இப்போது உனக்குத் தூக்கம் இருக்காது. பிள்ளை உன் உம்மா சாயல் என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் கண் பெரிதாகத்தான் இருக்கும்.

இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-ல் கட்டிய விசைப்படகுகள் ஜூன் 14 வரை நகராது. 61 நாள் கரையில்தான். இவர் திண்ணையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருக்கிறார். முழங்கால் வலி தேவலை. நாத்தனார் மட்டும் பாசி எடுக்கக் கடலுக்குப் போய்வருகிறாள். உப்புத் தண்ணீரில் அரை நாள் முங்கி எழுந்து கண் செவசெவவென்று வருவாள். ‘நல்ல தண்ணியில கழுவிட்டு உக்காரு, பெறகு மை வைக்கலாம்’ என்று நான்தான் தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ கேட்ட காரியத்துக்கு வருகிறேன். நாற்பதாம் நாளுக்குள் பேத்திக்கு மை வேண்டும், கடை மை வேண்டாம், என் அப்பத்தா செய்கிற மாதிரியே செய்யும் முறையை எழுது என்று கேட்டிருந்தாய். செய்து பார்க்காமல் எழுத மனம் வரவில்லை. அதனால்தான் பதிலுக்கு இத்தனை நாள். இரண்டு ராத்திரி விளக்கேற்றினேன், இரண்டாவது ராத்திரிதான் மை மையாக வந்தது.

துணிதான் முதல் வேலை. இவருடைய பழைய மல்லு வேட்டியில் ஒரு முழம் கிழித்தேன். சொட்டுநீலம் போட்ட துணி ஆகாது. நீலமும் கஞ்சியும் போகிற மட்டும் வெந்நீரில் அலச வேண்டும். கரிசலாங்கண்ணி இந்தக் கோடையில் எங்கே கிடைக்கும்? தை மாதம் உச்சிப்புளிப் பக்கம் கண்மாயில் தண்ணீர் கிடந்தபோதே பறித்துவிட்டேன். வெள்ளையாகச் சின்னப் பூ பூக்கிறதே, அந்தச் செடி. ஒரு மடி கொண்டுவந்து அம்மியில் தண்ணீர் விடாமல் அரைத்தேன். அரைக்கும்போது பச்சை. பிழிந்து வைத்துவிட்டுக் கை கழுவித் திரும்புவதற்குள் கிண்ணத்தில் கருக்கத் தொடங்கிவிடுகிறது. நகக்கண்ணெல்லாம் மூன்று நாள் கருப்பு. துணியை அந்தச் சாற்றில் முக்கி நிழலில் உலர்த்தி, மறுபடி முக்கி, மறுபடி உலர்த்த வேண்டும். அப்பத்தா ஏழு தடவை செய்வாள். நான் மூன்றோடு நிறுத்தினேன்.

நம் கரையில் ஒரு சங்கடம் உண்டு, மண்ணடியிலும் கடல் பக்கம்தானே, கவனித்துக்கொள். துணி காய்ந்த மாதிரி இருக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். அந்த ஈரம் நின்றுவிட்டால் திரி சடசடவென்று வெடிக்கும், சாம்பல் தெறித்து மை நறநறத்துப் போகும். நான் துணியை அரிசிப் பானைக்குள் போட்டு மூடி வைத்திருந்தேன். எடுத்தபோது பனையோலை மாதிரி மொறுமொறுவென்று இருந்தது. பிறகு சுண்டுவிரல் கனத்துக்குத் திரியாகத் திரித்துக்கொண்டேன்.

கரிசலாங்கண்ணிதான் கண்ணுக்குக் குளிர்ச்சி என்பாள் அப்பத்தா. விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து நான் இதை நிறைய யோசித்தேன், நூரு. துணியோடு சாறும் எரிந்துபோகிறது. தட்டில் ஏறுவது வெறும் கரிதான். கண்ணுக்கு இதமாக இருப்பது பின்னால் சேர்க்கிற எண்ணெய் என்றுதான் எனக்குப் படுகிறது. அதனால் சென்னையில் செடி கிடைக்கவில்லையே என்று நீ குறைப்பட வேண்டாம், வெறும் பருத்தித் திரியே போதும். நான் மட்டும் சாறு இல்லாமல் செய்ய மாட்டேன். அந்தப் பச்சை வாசனை அம்மியிலிருந்து எழுந்தால் அப்பத்தா பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

முதல் ராத்திரி அடுப்படிச் சன்னலைச் சாத்தாமல் விட்டுவிட்டேன். கச்சான் காற்று உள்ளே புகுந்து சுடரைச் சாய்த்துக்கொண்டே இருந்தது. தட்டைத் திருப்பினால் ஓர் ஓரத்தில் மட்டும் பழுப்பாக ஒரு படலம், சுவரெல்லாம் கரி. மறுநாள் சன்னலைச் சாத்தி, மூலையில் இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, நடுவில் மண் அகல் வைத்து விளக்கெண்ணெய் ஊற்றி, மேலே செம்புத் தட்டைக் கவிழ்த்தேன். சுடரின் நுனி தட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், சூட்சுமம் அதில்தான். தட்டு உயர்ந்தால் புகை தங்காமல் வெளியே போய்விடும். ரொம்பத் தாழ்ந்தால் எண்ணெய் சரியாக எரியாமல் பிசின் மாதிரி பழுப்பாகப் படியும், அது கண்ணை எரிக்கும். காற்று தாராளமாகக் கிடைத்து எரிகிற சுடர் தெளிவாக எரிந்துவிடும், கரி தராது. தட்டில் முட்டித் திணறுகிற சுடர்தான் தரும். தட்டின் முதுகில் ஈரத்துணியை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டேன். தட்டு குளிர்ந்திருந்தால் கரி நன்றாகப் பிடிக்கும். விளக்கெண்ணெய் நின்று எரியும், மூன்று மணி நேரம் பக்கத்திலேயே இருந்தேன். பிள்ளை படுக்கிற அறையில் மட்டும் இதை ஏற்றிவிடாதே, அந்தப் புகை அதற்கு ஆகாது.

ஆறிய பிறகு தட்டைத் திருப்பினேன். அந்தக் கருப்பை எப்படிச் சொல்வது! வெல்வெட்டுத் துணியை வட்டமாக வெட்டி ஒட்டின மாதிரி, பல்பு வெளிச்சம் பட்டும் ஒரு மினுக்கு இல்லை. மூச்சு பட்டால் பறக்கிறது. வாயையும் மூக்கையும் முந்தானையால் கட்டிக்கொண்டு ஓலை நறுக்கால் வழித்தேன். மூன்று மணி நேரத்து விளக்குக்கு ஒரு சின்னக் கரண்டி நிறையவில்லை. அதை மெல்லிய துணியில் சலித்தேன்.

குழைக்க அப்பத்தா பசுநெய் போடுவாள். நம் வெயிலுக்கு நெய் உருகி மத்தியானத்துக்குள் கன்னத்துக்கு இறங்கிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நம் இருவர் முகமும் எப்படி இருக்கும் என்று நீ மறந்திருக்க மாட்டாய். அதனால் நான் விளக்கெண்ணெய் நாலு பங்குக்குத் தேன்மெழுகு ஒரு பங்கு சேர்த்து, கொதிநீரில் கிண்ணத்தை இறக்கி உருக்கிக்கொண்டேன். கரியில் துளித்துளியாக விட்டு நடுவிரலால் தட்டில் வைத்துத் தேய்த்தேன். அரை மணி நேரம் தேய்த்திருப்பேன். விரலுக்கு மணல் மாதிரி ஒன்றும் தட்டக் கூடாது. தட்டினால் கண்ணுக்கும் தட்டும். எண்ணெய் ஒரு துளி கூடிவிட்டாலும் வழியும், ஆகவே அவசரப்படாதே.

சிமிழைக் கொதிநீரில் போட்டு எடுத்து, துடைக்காமல் தானே காயவிட்டு நிரப்பு. தண்ணீர் ஒரு சொட்டும் படக் கூடாது, ஈரக் கையால் தொடக் கூடாது. ஒரு சிமிழ் ஒருத்திக்குத்தான். அக்காவும் தங்கையும் ஒரே சிமிழில் விரல் வைத்தால் மெட்ராஸ் ஐ ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் போகும். கொஞ்சமாகச் செய்து இரண்டு மாதத்தில் தீர்த்துவிடுவது நல்லது. உன் மகளிடம் இமை முடியின் வேரோரம் வெளிப்புறமாக வைக்கச் சொல். உள்விளிம்பில் எண்ணெய் சுரக்கிற நுண்ணிய துளைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் மை போய் அடைத்தால் கண்கட்டி வரும். என் சின்ன மகளுக்கு ஒரு கடை மையால் இரண்டு தடவை வந்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கரைத்தோம்.

இனி எழுதப் போவது உனக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் உன்னிடம் மறைக்க மாட்டேன். இந்த மை உனக்கும் உன் மகளுக்கும்தான். பேத்தியின் கண்ணுக்கு இல்லை.

என் மூத்தவன் பிறந்தபோது நீ கீழக்கரையில் இல்லை, கல்யாணமாகிப் போயிருந்தாய். பதினைந்தாம் நாள் அப்பத்தா தன் கையால் செய்த மையை அவன் கண்ணில் எழுதினாள். எனக்கு எழுதியது போலத்தான், என் அப்பாவுக்கு எழுதியது போலத்தான். நாலு நாளில் இடது கண்ணில் நீர் வழிய ஆரம்பித்தது. அப்புறம் மஞ்சளாகப் பீளை. ஒருநாள் விடியற்காலை இமை ஒட்டிக்கொண்டு கண்ணைத் திறக்க முடியாமல் அழுதான். ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோன அந்த ஒன்றரை மணி நேரத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. கண்ணிலிருந்து மூக்குக்குப் போகிற நீர்க்குழாய் சில பிள்ளைகளுக்குப் பிறக்கும்போது திறந்திருக்காதாம், பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானே திறந்துவிடுமாம். மை அதை உண்டாக்கவில்லை, ஆனால் தேங்கின நீரில் அழுக்கும் கிருமியும் சேர வழி செய்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துத் துடைக்கவும், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் விரலால் மெல்ல அமுக்கி நீவிவிடவும் காட்டிக்கொடுத்தார். ஏழாம் மாதம் சரியானது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. சிமிழை எடுத்து மாடத்தில் வைத்துவிட்டாள். மறுநாள் குளிப்பாட்டி முடித்ததும் அவன் வலது உள்ளங்காலில் விரலால் ஒரு பொட்டு வைத்தாள். ‘திருஷ்டிக்குக் காலு போதும்’ என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் கண்ணில் மை வைக்கவில்லை, எல்லாக் கண்ணும் பெரிதாகத்தான் இருக்கிறது. மை வைத்தால் கண் பெரிதாகும் என்று உன் சம்பந்தி வீட்டில் யாராவது சொன்னால் என் வீட்டுப் பிள்ளைகளின் போட்டோவைக் காட்டு.

சுருமா கொஞ்சம் கலந்தால் இன்னும் கருப்பாக வருமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் நூரு. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் புறப்படும் முன் உன் வாப்பா கண்ணாடி முன்னால் நின்று வெள்ளிக்குச்சியால் சுருமா இழுப்பதை நீயும் நானும் கதவோரம் நின்று பார்ப்போம். அவருக்கு அது சுன்னத்து, நபி காட்டிய வழி. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அஞ்சனக்கல் என்று சொல்லி இப்போது விற்கிற சுருமாவில் பெரும்பாலும் ஈயக்கல்லைத்தான் பொடித்திருக்கிறார்கள், பல நாடுகளில் சோதித்து அப்படித்தான் கண்டிருக்கிறார்கள். பிள்ளை கண்ணைக் கசக்கிய கையை வாயில் வைக்கும். ஈயம் உள்ளே போனால் மூளை வளர்ச்சியைப் பிடிக்கும். இவ்வளவு வரை போகலாம் என்று ஈயத்துக்கு ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற உன் மகளும் அதைத் தொட வேண்டாம்.

பேத்திக்கு அழகு பார்க்க வேண்டாமா என்று கேட்பாய். அதற்குத்தான் ஜவ்வரிசிப் பொட்டு இருக்கிறதே. இரும்புச் சட்டியில் ஒரு கைப்பிடி ஜவ்வரிசியைப் போட்டு, கருகி உருகித் தார் மாதிரி ஆகிறவரை வறு. புகை வரும், கதவைத் திறந்து வை. தள்ளி நின்று தண்ணீரை ஊற்று, சீறித் தெறிக்கும். நன்றாகக் கொதித்து இறுகியதும் வடிகட்டிக் கொட்டாங்குச்சியில் ஊற்றி, மேலே துணி கட்டி வெயிலில் வை. ஒரு வாரம் பத்து நாளில் ஓடு மாதிரி காய்ந்துவிடும். வேண்டும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தேய்த்தால் பளபளவென்று கருப்பு வரும். கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று. கையில் மட்டும் வைக்காதே, வாய்க்குப் போய்விடும். நாற்பதாம் நாளுக்குள் உனக்குக் காய்ந்து வராது என்று தெரியும், அதனால் இங்கே மொட்டைமாடியில் ஒரு கொட்டாங்குச்சி காய்ந்துகொண்டிருக்கிறது.

புதன்கிழமை பார்சல் போடுகிறேன். ஓலைக் கொட்டானுக்குள் இரண்டு எவர்சில்வர் சிமிழ் இருக்கும். சிவப்பு நூல் கட்டியது உன் மகளுக்கு, கட்டாதது உனக்கு. கொட்டாங்குச்சியைத் துணியில் சுற்றியிருப்பேன், உடையாமல் பிரி. மிச்சத் திரித்துணி ஒரு சாணும் வைக்கிறேன், அடுத்த தடவை நீயே ஏற்றிப் பார்.

2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலம் திறந்ததிலிருந்து ராமேசுவரம் ரயில்கள் பழையபடி மண்டபம் தாண்டிப் போகின்றன. பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும் எல்லோருமாக ஏறி வாருங்கள். தை வரை தங்கினால் கண்மாய்க்குக் கூட்டிப்போவேன், நீயே பறிக்கலாம்.

உன் வாப்பாவின் வெள்ளிக்குச்சி இன்னும் உன்னிடம்தானே இருக்கிறது? நுனி தேய்ந்து உருண்டையாக இருக்கும், இமைக்குக் குத்தாது. கொதிநீரில் போட்டு எடுத்துத் துடைத்து வை. சிமிழ் வந்ததும் அதிலேயே தொட்டு எழுது.

உன்,
செல்வி