நம்மவர் கடைகளும் அட்டை தரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்துக்கு இங்கே ரொறன்ரோவில் பொருளாளராக இருக்கிறேன். பள்ளி ஆய்வுகூடத்தின் கூரைக்காக இராப்போசன விழா வைத்தோம். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்தபின் மிஞ்சியதைச் சொல்ல வாய் வரவில்லை.

அதன் பிறகுதான் பரிசு அட்டை விற்கத் தொடங்கினோம். பெரிய பலசரக்குக் கடைகளின் நூறு டொலர் அட்டை எங்களுக்கு மூன்று டொலர் குறைவாகக் கிடைக்கிறது. நாங்கள் நூறுக்கே விற்கிறோம். வாங்குபவர் நூறு டொலருக்கும் சாமான் வாங்கலாம்; ஒரு சதமும் நட்டமில்லை. முப்பது குடும்பங்கள் மாதம் நானூறு டொலருக்கு வாங்கினால் சங்கத்துக்கு 360 டொலர். எப்படியும் அரிசிக்கும் பாலுக்கும் போகிற காசுதானே!

ஸ்காபரோவில் தனியாக இருக்கும் அம்மா ஒருவர் அட்டை வாங்க மாதந்தோறும் ஐந்து இருபது டொலர் தாள்களைக் கொண்டுவருவார். இரண்டு ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று ஒவ்வொன்றையும் விரலால் உரசிப் பார்த்த பிறகே தருவார். "அட்டை நாள் முடிந்து செல்லாமல் போய்விடுமா?" என்று முதலில் பயந்தார். கடையில் விலைகொடுத்து வாங்கும் பரிசு அட்டைக்கு 2007 ஒக்டோபரிலிருந்து ஒன்ராறியோவில் பொதுவாகக் காலாவதித் திகதி கிடையாது என்று விளக்கினேன். போன மாதம் வேறொன்று கேட்டார்: "முருங்கைக்காயும் சிவப்பரிசியும் நான் வாங்குவது நம்மவர் கடையில்தானே தம்பி, அங்கே ஏன் இது இல்லை?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. விழா மலருக்கு விளம்பரம், அதிர்ஷ்டச் சீட்டுக்குப் பரிசு என்று ஊர்ச் சங்கங்கள் எல்லாம் ஏறி இறங்குவது அந்தக் கடைகளில்தான். முகம் சுளிக்காமல் கொடுக்கிறார்கள். ஆனால் மலரில் வரும் ஒரு பக்கம் அவர்களுக்கு எத்தனை வாடிக்கையாளரைக் கொண்டுவந்திருக்கும்? அதற்குப் பதிலாக நூறு டொலர் அட்டையைத் தொண்ணூற்றைந்துக்குத் தரட்டும். பணம் முன்கூட்டியே கையில் சேரும். அட்டை வாங்கியவர் அந்தக் கடைக்கே வந்தாகவேண்டும். இயந்திரம் ஒன்றும் தேவையில்லை. இலக்கமிட்டு முத்திரை குத்திய அட்டையும் ஒரு கொப்பியும் போதும்.

சங்கங்களும் ஒழுங்காக நடக்கவேண்டும். அட்டை என்பது காசு. கடனுக்குக் கொடுக்கக் கூடாது. நாங்கள் ஒவ்வொரு தடவையும் இருவர் எண்ணி, இருவரும் கையெழுத்திடுகிறோம்.

கடைக்காரர் ஒருவர் முன்வந்தால், தைப்பொங்கலுக்கு முன் முதல் நூறு அட்டைகளை முழுப் பணமும் கொடுத்து வாங்க எங்கள் சங்கம் தயாராக இருக்கிறது.

பழைய மாணவர் சங்கப் பொருளாளர் ஒருவர்,
ஸ்காபரோ