ஒன்பதாம் வகுப்பு அணு அமைப்புப் பாடம் குறித்து

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பில் இப்போது அணு அமைப்புப் பாடம் நடந்து வருகிறது. தாம்சனின் அணு மாதிரி தவறென்று எப்போதோ நிறுவப்பட்டுவிட்டதே, அதையும் பிள்ளைகள் படம் வரைந்து படிக்க வேண்டுமா என்று பெற்றோர் சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஓரிரு நோட்டுகளில் அந்தப் படம் வீட்டிலேயே கோடிட்டு அடிக்கப்பட்டும் வந்திருக்கிறது. கேள்வி நியாயமானதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பொருள்கள் பிளக்க முடியாத நுண்துகள்களால் ஆனவை என்று கிரேக்கத்தில் டெமாக்ரிட்டசும் இந்தியாவில் வைசேஷிகத் தத்துவப் பிரிவினரும் கூறியது தத்துவ நோக்கில்தான். சேர்மங்களில் தனிமங்கள் எப்போதும் ஒரே எடை விகிதத்தில் சேர்வது ஏன் என்பதற்கு அணுவைக் கொண்டு விடை தந்தவர் டால்டன். ஆனால் 1808-இல் அவர் வெளியிட்ட அதே நூலில், நீரில் ஒரு ஹைட்ரஜன் அணுவுக்கு ஓர் ஆக்சிஜன் அணு என்றே கணக்கிட்டிருந்தார். அதைத் திருத்தும் வழியை 1811-இலேயே அவகாட்ரோ காட்டியும், 1860-இல் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடிய பிறகுதான் அவர் கருத்துக்கு மதிப்புக் கிடைத்தது.

அணுவுக்குள் இருக்கும் எதிர்மின் துகளான எலக்ட்ரானைத் தாம்சன் 1897-இல் கண்டறிந்ததும், பிளக்க முடியாத அணு என்ற கருத்து உடைந்தது. தர்பூசணியின் சதையில் விதைகள் பதிந்திருப்பதுபோல, நேர்மின் கோளத்தில் எலக்ட்ரான்கள் பதிந்திருப்பதாக அவர் கொண்டார். அந்த மாதிரி சரியென்றால், மெல்லிய தங்கத் தகட்டின் மீது பாயும் ஆல்பா துகள்கள் (கதிரியக்கப் பொருள்களிலிருந்து வேகமாக வெளிப்படும் நேர்மின் துகள்கள்) சிறிதே விலகி மறுபுறம் போய்விட வேண்டும். 1909-இல் மான்செஸ்டரில், ரூதர்போர்டின் ஆய்வகத்தில், கைகரும் இருபது வயது மாணவரான மார்ஸ்டனும் இருட்டறையில் அமர்ந்து, ஆல்பா துகள்கள் படும்போது துத்தநாக சல்பைடு திரையில் தோன்றும் சிறு ஒளிப்பொறிகளை நுண்ணோக்கி வழியாக ஒவ்வொன்றாக எண்ணினார்கள். துகள்களில் மிகச் சில வந்த பக்கமே திரும்பியிருந்தன. தாம்சனின் படத்தை மனத்தில் வாங்காத மாணவருக்கு இதில் வியப்படைய ஒன்றும் இருக்காது. அணுவின் நடுவே மிகச் சிறிய, நேர்மின்சுமை கொண்ட அணுக்கரு இருப்பதாக 1911-இல் ரூதர்போர்டு ஏன் கருத வேண்டியதாயிற்று என்பதும் புரியாது. (நேரடியாக அணுக்கருவிலிருந்தே பாடம் நடத்திப் பார்த்த அனுபவம் எனக்கும் உண்டு; மாணவர்கள் விடையை ஒப்பித்தார்கள், அவ்வளவுதான்.)

ரூதர்போர்டின் மாதிரியிலும் குறை இருந்தது. சுற்றிவரும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து கருவில் விழுந்துவிட வேண்டுமே என்ற சிக்கலுக்கு 1913-இல் நீல்ஸ் போர் (Bohr) என்ற அறிவியலாளர் விடை தேடினார். அணுக்கருவில் உள்ள மின்சுமையற்ற துகளான நியூட்ரானைச் சாட்விக் கண்டறிந்தது 1932-இல். இவை அடுத்த வாரம் நடத்தப்படும்.

ஆகவே, பழைய மாதிரிகளின் படங்களை அடித்துவிட வேண்டாம். ஒவ்வொரு படத்தின் கீழும், அதை மாற்ற வைத்த சோதனை எது என்று பிள்ளைகள் இரண்டு வரி எழுதி வர வேண்டும். நோட்டில் கையொப்பமிடும்போது அந்த வரிகளைப் படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்