ரேகை தேய்ந்த விரல்

மாப்ள,

நலம். பதில் போடாமல் நாலு மாதம் இருந்ததற்கு நீ திட்டப்போவதை எல்லாம் நானே திட்டிக்கொண்டுவிட்டேன், விடு.

அம்மாவின் கணக்கிலிருந்து 15,000 ரூபாய் போய்விட்டது.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகெல்லாம் கரையில் கிடந்த நேரம். நிவாரணம் 8,000 வருவதற்குச் சரிபார்க்க வேண்டும் என்று தெருவுக்கு ஒருவன் வந்திருக்கிறான், கையில் சின்ன ரேகை மெஷின். அம்மா ஆதார் நகலைக் கொடுத்து விரலையும் வைத்துவிட்டாள். ஒரு நாள் 10,000, மறுநாள் 5,000. ஆதார் எண், வங்கியின் பெயர், ரேகை, இந்த மூன்றும் இருந்தால் பணம் எடுக்கப் போதுமாம், ஓடிபி கிடையாது, பின் நம்பர் கிடையாது. அம்மாவிடம் ஏடிஎம் கார்டும் இல்லை போனும் இல்லை, அவளை யார் ஏமாற்றப்போகிறார்கள் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தவன் நான்தானே!

கேள், இருபது வருசம் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடல்பாசி எடுத்த கை அது. ரேஷன் கடையில் ஒருநாளும் முதல் தடவையிலேயே ரேகை விழுந்ததில்லை, கடைக்காரர் சலித்துக்கொள்வார். இவன் ஈரத்துணியால் விரலைத் துடைத்து, பொறுமையாக நாலைந்து தடவை வைத்துப் பார்த்தானாம். "நல்ல புள்ளடா" என்கிறாள் இன்னமும்.

குறுஞ்செய்தி வந்திருக்குமே என்பாய். கணக்கில் இருந்தது தம்பியின் பழைய நம்பர், அதை அவன் எப்போதோ விட்டுவிட்டான். பாஸ்புக்கில் பதிவு போடப் போனபோதுதான் தெரிந்தது. சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்கி வங்கியிலும் எழுதிக் கொடுத்தேன். நம் தவறு இல்லாமல் வெளியாள் எடுத்திருந்து, மூன்று வேலை நாளுக்குள் நாம் சொல்லிவிட்டால் நஷ்டம் நம் தலையில் விழாது என்று ரிசர்வ் வங்கி 2017-இலேயே சொல்லியிருக்கிறது. நாங்கள் சொன்னது தாமதம் என்கிறார்கள் வங்கியில். தகவல் வந்த நாளிலிருந்துதானே எண்ண வேண்டும், எங்களுக்கு எங்கே வந்தது தகவல்? சண்டை நடக்கிறது.

அம்மாவின் ஆதாரில் என் நம்பரைச் சேர்த்து, எம்ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டிவிட்டேன். ரேஷனுக்கு மட்டும் திறந்துவிட்டு மறுபடி பூட்ட வேண்டும். மாதாமாதம் எனக்கு இது ஒரு வேலை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். சார்ஜாவுக்குப் போன பிறகு உன் ஊர் நம்பருக்கு ரீசார்ஜ் போட்டாயா? போன வாரம் அடித்துப் பார்த்தேன், யாரோ ஒரு அம்மா எடுத்து "ராங் நம்பர் தம்பி" என்றார். சும்மா கிடக்கும் நம்பரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் மாப்ள. உன் வங்கி ஓடிபி எல்லாம் இப்போது அந்த அம்மாவுக்குத்தான் போகும். அவர் நல்லவராகத்தான் தெரிந்தார், அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதே. இன்றைக்கே வங்கிக்குச் சொல்லி நம்பரை மாற்று. அப்புறம், அந்த லாட்ஜில் கொடுத்த ஆதார் நகல் ஞாபகம் இருக்கிறதா? நாம் மூன்று பேரும்! இனிமேல் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற நகலைக் கொடு.

ஒல்லியன் படகை விற்கப் போகிறானாம். அது தனிக் கடிதத்துக்கு ஆகும், நம்பரை மாற்றிவிட்டு எழுது, சொல்கிறேன்.

உன்,
பாம்பன்காரன்