கேம் செய்யும் பிள்ளைகளுக்கு ஒப்பந்தத்தை விளக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீடியோ கேம் கம்பனிகளின் ரோயல்டி (வருமானப் பங்கு) சண்டை மலையகத்துக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். என் மகனும் அவனுடைய கூட்டாளிகளும் பழைய லெப்டொப்பில் கேம் செய்யப் பழகுகிறார்கள், அதற்கு அவர்கள் பாவிப்பது யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருள். இன்னொன்று அன்ரியல், அதில் ஒரு கேமின் வருமானம் 10 இலட்சம் டொலரைத் தாண்டினால் அதற்கு மேல் வருவதில் பொதுவாக 5 சதவீதத்தை அந்த மென்பொருள் கம்பனிக்குக் கொடுக்க வேண்டும். சரி, அது முன்கூட்டியே தெரிந்த கணக்கு.

ஆனால் யூனிட்டி 2023 செப்டெம்பரில், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கேம்கள் ஒவ்வொரு இன்ஸ்டோலுக்கும் கட்டணம் கட்ட வேண்டும் என்று திடீரென அறிவித்தது, அதுவும் ஏற்கெனவே வெளியான கேம்களையும் சேர்த்து! கொழுந்து பறித்து முடித்த பிறகு தராசை மாற்றுவது போன்ற அநியாயம் இது. சிறிய கம்பனிகள் விடவில்லை, பகிரங்கமாகவே சண்டை போட்டன. சில நாட்களில் விதிகளைத் தளர்த்தினார்கள், அப்புறம் 2024 செப்டெம்பரில் அந்தக் கட்டணத்தையே கைவிட்டார்கள்.

எங்கள் பிள்ளைகளோ பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் இருக்கும் நிபந்தனைகளை வாசிக்காமலே சம்மதம் கொடுத்துவிடுகிறார்கள், விளக்கிச் சொல்லவும் ஆளில்லை. உங்கள் பத்திரிகையில் இவற்றைத் தமிழில் விளக்கி ஒரு தொடர் போடுங்கள், தயவுசெய்து.

ஒரு தாய்,
ஹட்டன்